படித்தவர் யார்?

என் அக்கா பையன் சென்னையில் பிஎச்.டி. பண்ணுகிறான். கடலோரக் கிராமங்களில் கிணற்றுத் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது என்பது சப்ஜெக்ட். "கரிக்கிறதுன்னு குடிச்சுப் பார்த்தாலே தெரியுமேடா, அதுக்கு அஞ்சு வருஷமா?" என்று அக்கா இன்றைக்கும் கேட்கிறாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். காபி ஆறிப் போகிறது, தொடவில்லை.

"மானம் போச்சு மாமா."

விஷயம் இதுதான். ஆராய்ச்சி எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று அவ்வப்போது ஒரு கமிட்டி முன்னால் நின்று சொல்ல வேண்டுமாம். இவன் ஸ்லைடு போட்டு, 'இந்தப் பகுதியில் உப்புக்குக் காரணம் நிலத்தடியில் கடல்நீர் புகுவதுதான் என்று ஏற்கெனவே நிரூபித்திருக்கிறார்கள்' என்று ஒரு கட்டுரையைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறான். கமிட்டியில் இருந்த ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தம்பி, அதை நீ படிச்சியா?" என்றார்.

"படிச்சேன் சார்."

"அப்படியா? கடல்நீர்னு எல்லாரும் நினைச்சிட்டிருக்காங்க, அது தப்பு, பக்கத்துல இருக்கிற உப்பளமும் இறால் குட்டையும்தான் காரணம்னு அல்லவா அதுல எழுதியிருக்கு!"

அறையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டதாம்.

மானம் போனால் திரும்பி வந்துவிடும். போனது வேறு. அந்தக் கட்டுரையை நம்பித்தான் கடற்கரையை ஒட்டி வரிசையாகக் கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, கோடையில் ஒரு தடவை, மழைக்குப் பிறகு ஒரு தடவை என்று பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறான். உப்பளப் பக்கம் ஒரு கிணறு கூட இல்லை. மறுபடி ஒரு கோடை, மறுபடி ஒரு மழைக்காலம். உதவித்தொகை முடிய இருப்பதோ பதினோரு மாதம்.

"சரிடா, படிக்காம எப்படி அதைப் போட்டே?"

"எங்க குரூப் லிஸ்ட்ல இருந்தது மாமா."

லிஸ்ட் என்றால், ஆறு மாணவர்களும் ஒரு கைடும் சேர்ந்து பராமரிக்கும் பொதுப் பட்டியல். யார் எந்தக் கட்டுரையைப் பார்த்தாலும் அதில் ஏற்றிவிட வேண்டும். பக்கத்தில் அது என்ன சொல்கிறது, நமக்கு எதற்கு உதவும் என்று நாலு வரி குறிப்பு எழுத வேண்டும். ஒருவர் படித்தால் ஆறு பேர் படித்த மாதிரி. நல்ல ஏற்பாடுதான். லேப்டாப்பைத் திறந்து காட்டினான். மொத்தம் 640 கட்டுரைகள். குறிப்புகளைப் படித்தேன்.

'நல்ல பேப்பர்.' 'முக்கியம்.' 'சார் சொன்னது.' 'பிறகு பார்க்கவும்.' ஓர் இடத்தில் வெறும் '?!'

எங்கள் ஆபீஸில் இப்படி ஒரு ஃபைல் போனால், போன வேகத்தில் திரும்பி வரும், மெமோவோடு!

இதில் இன்னொரு கூத்து. ஒரே கட்டுரை மூன்று இடத்தில் உட்கார்ந்திருந்தது. காரணம், நம் இனிஷியல். வெள்ளைக்காரன் செய்த சாஃப்ட்வேர் எல்லாருக்கும் குடும்பப் பெயர் ஒன்று உண்டு என்று நம்புகிறது. எஸ்.ராமசாமியை ஒருவன் 'ராமசாமி, எஸ்.' என்று ஏற்றுவான். இன்னொருவன் 'எஸ்., ராமசாமி' என்பான். இனிஷியலை விரித்து எழுதும் பத்திரிகையில் வந்தால் அப்பா சுப்பிரமணியமே கட்டுரை எழுதியவர் ஆகிவிடுவார். சொத்து போய்ச் சேருகிறதோ இல்லையோ, பிள்ளையின் புகழ் அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

நம்ம ஆளைக் கவிழ்த்த கட்டுரையும் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்றில் குறிப்பே இல்லை. மற்றதில், 'கடல்நீர் ஊடுருவலுக்கு உறுதியான ஆதாரம். கட்டாயம் மேற்கோள் காட்டவும்.'

"எவன்டா எழுதினான் இதை?"

யாருக்கும் தெரியாது. பட்டியலில் பெயர் போடும் வழக்கம் இல்லை. 'நாம எல்லாரும் ஒண்ணுதானே' என்கிற பெருந்தன்மை. ஆனால் கம்ப்யூட்டர் பெருந்தன்மை பார்க்காது. யார், எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் திருத்தினார்கள் என்று உள்ளே எழுதி வைத்திருக்கும். நோண்டினான். திடீரென்று கை நின்றது. ஆறின காபியை எடுத்து மடமடவென்று குடித்தான்.

"நான்தான் மாமா."

சேர்ந்த முதல் மாதம். மறுநாள் குரூப் மீட்டிங். ஆளுக்குப் பத்து கட்டுரை ஏற்றியாக வேண்டும். ராத்திரி ஒண்ணரை மணிக்கு, சுருக்கத்தின் முதல் இரண்டு வரியை மட்டும் பார்த்து எழுதியிருக்கிறான். 'கடல்நீரே காரணம் என்று கருதப்படுகிறது' என்று அங்கே இருந்தது. 'ஆனால்' மூன்றாவது வரியில் இருந்தது! இரண்டு வருஷம் கழித்து யாரோ படித்த குறிப்பு என்று அவனே அதை நம்பிவிட்டான்.

இவன் மட்டுமா என்றால் இல்லை. 1973-ல் கோஸ்டர்லிட்ஸ், தௌலஸ் என்ற இருவர் ஒரு பௌதிகக் கட்டுரை எழுதினார்கள். அந்த வேலைக்குத்தான் 2016-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதை மேற்கோள் காட்டிய 4,300 இடங்களை லாஸ் ஏஞ்சலீஸில் சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் எடுத்துப் பார்த்தார்கள். 196 இடத்தில் அச்சுப்பிழை. ஆனால் தனித்தனிப் பிழைகள் 45 மட்டுமே. ஒரே பிழை 78 தடவை! எட்டு பேர் ஒரே தப்பைப் பண்ணினால் பரீட்சை ஹாலில் என்ன நினைப்போமோ, அதைத்தான் அவர்களும் நினைத்தார்கள். மேற்கோள் காட்டுகிறவர்களில் ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்று 2003-ல் கணக்குச் சொன்னார்கள். கணக்கில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், எனக்கு ஆச்சரியமில்லை.

ஸ்பினாச் கீரைக் கதை இதைவிட ருசி. ஒரு விஞ்ஞானி புள்ளியைத் தள்ளி வைத்ததால்தான் கீரையில் இரும்புச்சத்து பத்து மடங்கு என்று உலகமே நம்பியது என்று 1981-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு டாக்டர் எழுதினார். ஆதாரம் கொடுக்கவில்லை. 'படிக்காமல் எழுதாதே' என்று உபதேசம் பண்ண எல்லாரும் அந்தப் புள்ளிக் கதையையே சொன்னார்கள். 2010-ல் ஒருவர் தேடிப் போனால், புள்ளி தள்ளியதற்கே சாட்சியம் இல்லை! உபதேசம் பண்ணினவர்களும் படிக்கவில்லை. 2023-ல் நியூயார்க் வக்கீல்கள் இருவர், சாட்ஜிபிடி கற்பனை செய்து கொடுத்த வழக்குகளைக் கோர்ட்டில் தாக்கல் பண்ணி 5,000 டாலர் அபராதம் வாங்கினார்கள். இப்போதெல்லாம் கட்டுரை இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் பிஎச்.டி. இல்லை. ஆனால் இருபத்தேழு வருஷமாக ஃபைல் பார்க்கிறேன். எங்கள் நோட்டிங்கில் 'பார்த்தேன்' என்று ஒருவர் எழுதினால் கீழே இனிஷியல், தேதி. நாளைக்கு ஆடிட் வந்தால் அந்த இனிஷியல்தான் பிடிபடும். அதனால் அந்த ஒரு வார்த்தையை எழுதுமுன் பேனா கொஞ்சம் யோசிக்கும்.

"உங்க லிஸ்ட்ல ரெண்டு கட்டம் சேருடா. படித்தவர் யார், எவ்வளவு படித்தார்."

அவனுக்குப் பிடித்துப் போயிற்று. எல்லாவற்றையும் ஸோட்டெரோ என்ற இலவச சாஃப்ட்வேரில் குரூப்பாக மாற்றினான். இரட்டைப் பிரதிகளைக் கண்டுபிடித்து ஒன்றாக்குமாம். வாபஸ் வாங்கப்பட்ட கட்டுரை உள்ளே இருந்தால் எச்சரிக்கை காட்டுமாம். எவ்வளவு படித்தார் என்பதற்கு மூன்றே அடையாளம்: 'முழுசும்', 'சுருக்கம் மட்டும்', 'தலைப்பு மட்டும்'. மூன்றாவதை வைக்க மற்றவர்கள் கூச்சப்பட்டார்களாம். நான்தான் வற்புறுத்தினேன். தலைப்பு மட்டும் படித்தது குற்றமில்லை சார். நான் பேப்பரில் தினமும் அதைத்தான் செய்கிறேன்.

ஒவ்வொருவரும் தன் குறிப்புகளுக்குத் தானே அடையாளம் போட வேண்டும் என்று முடிவாயிற்று. ஒரு வாரம் ஆயிற்று. 640-ல் இரட்டைகள் கழிந்து 512. 'முழுசும்' என்று வந்தவை 71.

கைடுக்கு இதை எப்படிக் காட்டுவது என்று பையனுக்கு நடுக்கம். 'சார் சொன்னது' என்று நாற்பது சொச்சம் கட்டுரைகள் இருந்தனவே, அவற்றுக்கு யார் அடையாளம் போடுவது? பயந்துகொண்டே லிங்க்கை அனுப்பிவிட்டுத் தண்ணீர் பிடிக்க உப்பளப் பக்கம் பஸ் ஏறிவிட்டான்.

சாயந்திரம் கிணற்றடியிலிருந்து போன் பண்ணினான். "மாமா, சார் போட்டுட்டார்!"

"என்னன்னு?"

"முப்பத்தாறுக்கு 'சுருக்கம் மட்டும்'. இனிஷியல், தேதி எல்லாம் இருக்கு. அஞ்சுக்கு 'தலைப்பு மட்டும்'. அப்புறம்…" சிரிப்பில் பேச்சு வரவில்லை. "ஒண்ணுக்குப் புதுசா ஒரு அடையாளம் அவரே உண்டாக்கியிருக்கார் மாமா. 'எழுதியது நான், மறுபடி படிக்க வேண்டும்.'"