ஒரு நாளில் போன படிப்புப் பணம்!

அமெரிக்காவில் காலேஜ் படிப்பு என்றால் லேசுப்பட்ட செலவு அல்ல. கடன் வாங்கிப் படித்துவிட்டு, தலை நரைக்கும் வரை தவணை கட்டுகிறவர்கள் அங்கே ஏராளம்.

கடனுக்குப் பயந்தவர்களுக்கு வேறு ஒரு வழி உண்டு. ‘நேஷனல் கார்டு’ என்ற பகுதி நேரப் பட்டாளம்! ஆரம்பப் பயிற்சியை முடித்துவிட்டால், பிறகு மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு அணிவகுப்பு. வருடத்தில் 2 வாரம் முகாம். மற்ற நாளெல்லாம் காலேஜுக்குப் போகலாம். 6 வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டால், படிக்கும்போது மாதாமாதம் பணம். பல மாகாணங்களில் காலேஜ் சம்பளத்திலும் சலுகை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது!

1944–ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம், போருக்குப் போய் வந்தவர்களைப் படிக்க வைத்தது. அது நன்றிக் கடன். 1973–ல் கட்டாய ராணுவச் சேவை நின்றது. பட்டாளத்துக்கு ஆள் வேண்டுமே! அதன் பிறகு படிப்புப் பணமே தூண்டிலாகிவிட்டது.

2003–ல் ஈராக் போர் வந்தது. சனி, ஞாயிறு சிப்பாய்களுக்கும் அழைப்பு போனது. மின்னசோட்டா மாகாணத்துப் படைப்பிரிவில் சுமார் 2,600 பேர். பயிற்சியும் போருமாக 22 மாதம் வீட்டை விட்டு இருந்து, 2007–ல் திரும்பினார்கள்.

வந்தவர்களுக்குக் காத்திருந்தது அதிர்ச்சி!

முழு நேரச் சிப்பாய்க்குக் கிடைக்கும் பெரிய தொகை வேண்டுமானால், 730 நாள் சேவைக்கு உத்தரவு இருக்க வேண்டும். சுமார் பாதிப் பேரின் உத்தரவில் இருந்ததோ 729 நாள். ஒரே ஒரு நாள் குறைவு! பணம் இல்லை என்றார்கள்.

தராசில் 10 கிராம் குறைந்தால் கடைக்காரர் மீது வழக்குப் போடுகிறார்கள். சர்க்கார் ஒரு நாளைக் குறைத்தால் அதற்குப் பெயர் விதிமுறையா?

விஷயம் பத்திரிகைகளில் வந்து நாறியது. அரசியல்வாதிகளும் சத்தம் போட்டார்கள். அதன் பிறகுதான், உத்தரவைத் திருத்தக் கோரி மனுப் போடலாம் என்று ராணுவம் இறங்கி வந்தது. குண்டு மழையில் நின்றவன், ஊருக்கு வந்து மனுவோடு நிற்க வேண்டியதாயிற்று.

2009 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 90 நாள் சேவைக்கே ஒரு பங்கு உண்டு. நல்ல மாற்றம்தான். ஆனால் நாளை எண்ணிப் பங்கு பிரிக்கும் கணக்கு மட்டும் போகவில்லை. முழுத் தொகை வாங்க 36 மாதம் வேண்டும்.

பகுதி நேரப் பட்டாளம் தப்பு அல்ல. விரும்பிச் சேருகிறவர்கள் சேரட்டும். ஆனால் காலேஜ் வாசலில் ஆள் பிடிக்கிறவர்கள், ‘மாதம் 2 நாள்’ என்று சொன்ன அதே மூச்சில் ‘கூப்பிட்டால் 2 வருடம்’ என்பதையும் சொல்ல வேண்டும். 18 வயதுப் பிள்ளை அதைக் கேட்ட பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும்.

அவன் கொடுத்த வாக்கில் ஒரு நாள் தவறினால் ராணுவம் சும்மா விடுமா? அவனுக்குக் கொடுத்த வாக்குக்கும் அதே கண்டிப்பு வேண்டும்!