துண்டு வெட்டிய பிறகு

உம்மாவுக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குக் கொஞ்சம் முன்னர். சீனி வருத்தத்தால் காலில் வந்த புண். பதினொரு நாள் வார்ட்டில் கிடந்தா. அந்த நாட்களில் டொக்டர்மாரும் மிஸ்ஸிமாரும் பார்த்ததில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஒரு சதம் செலவில்லை. வீட்டுக்கு அனுப்பிய விதம்தான் இன்னும் மனதை அரிக்கிறது.

கையில் கிடைத்தவை: ஆங்கிலத்தில் கிறுக்கிய ஓர் அட்டை, சின்னக் கடதாசிப் பைகளில் குளிசை, ஒரு போத்தல் இன்சுலின். "பிரிஜ்ஜில வைங்க, ரெண்டு நேரம் போடுங்க, ரெண்டு கிழமையால கிளினிக்குக்கு வாங்க." அவ்வளவுதான். கட்டிலுக்கு அடுத்தவர் காத்து நின்றார்.

ஒன்பது நாளாகச் சீனி இறங்கவேயில்லை. தங்கச்சி ஊசி போடத் தவறவுமில்லை. பிரிஜ்ஜைத் திறந்து பார்த்தால், மேல் தட்டில், உறைந்த மீன் பொதிக்குப் பக்கத்தில் போத்தல். "கூடக் குளிருக்குள்ள வெச்சா மருந்து பழுதாப் போகாதுதானே மகன்" என்றா உம்மா. இன்சுலின் ஒருமுறை உறைந்தால் மீண்டும் உருகினாலும் பிரயோசனமில்லை. பால் போலிருக்க வேண்டிய மருந்தில் கட்டி கட்டியாக மிதந்தது. அந்த ஒன்பது நாளில் புண் மணக்கத் தொடங்கியிருந்தது. உம்மாவுக்கு அந்தக் காலில் உணர்வு குறைவு, நோவு தெரியாது. தெரிந்திருந்தால் முதல் நாளே அழுதிருப்பா.

பிள்ளை பெற்றவளுக்கு இந்த நாட்டில் என்ன நடக்கிறது? முதல் பத்து நாளில் குடும்பநல மருத்துவிச்சி இரண்டு தரம் படி ஏறி வருகிறா. தையலையும் பிள்ளையின் தொப்புளையும் பார்க்கிறா, பால் கொடுக்கும் விதத்தையும் சொல்லித் தருகிறா. 1926 இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து வளர்ந்த ஒழுங்கு அது. உலகமே பாராட்டுகிறது, பாராட்டட்டும். ஆனால் வயது வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சீனி இருக்கிற நாட்டில், புண்ணோடு வீடு திரும்பும் கிழவியின் படியேற ஒருவரும் இல்லையே! ஒரு நாள் விட்டு ஒரு நாள் மருந்து கட்ட, நடக்கக் கூடாத காலோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அலைகிறோம். மருதமுனையிலும் நிந்தவூரிலும் எந்த ஒழுங்கையில் கேட்டாலும் இந்தக் கதை உண்டு.

2022 இல் மருந்தே இல்லாமல் தவித்தோம், டொலர் இல்லை என்றார்கள், பொறுத்துக்கொண்டோம். ஒரு தாளில் தமிழில் நாலு வரி எழுதித் தர டொலர் தேவையில்லை. எந்தக் குளிசை எதற்கு, ஊசி மருந்தை எங்கே வைப்பது, புண் என்ன நிறம் மாறினால் உடனே ஓடி வருவது, எந்த நம்பருக்கு எடுப்பது. வார்ட்டில் ஆள் போதாது என்பது எனக்கும் தெரியும். தாளை ஒருமுறை அச்சடித்தால் போதுமே.

செவ்வாய்க்கிழமை கிளினிக். சுபஹு தொழுத கையோடு நம்பர் எடுக்கப் போக வேண்டும். இந்த முறை கேள்விகளைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். பதில் கிடைக்காமல் கதிரையை விட்டு எழும்ப மாட்டேன்.