தில்லை மேடையும் தீந்தமிழும்

தமிழ்நாட்டுக் கோயிலில் தமிழ் பாடுதற்கு அரசாணை வேண்டுமெனின், இந்நாடு யாருடையது? இவ்வினா தில்லையில் நின்று தமிழனை நோக்குகின்றது.

பூட்டிய அறையிற் செல்லரித்துக் கிடந்த மூவர் பாடல்களை இராசராசன் மீட்டது இத்தில்லையிலேயே எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். அன்று ஏட்டுக்குப் பூட்டு. பின்னாளில் நாவுக்குப் பூட்டு! குமுடிமூலை ஆறுமுகசாமி என்னும் முதிய சிவனடியார் சிற்றம்பல மேடையில் தேவாரம் பாடப் பல்லாண்டு போராடினார். 2008-இல் அரசாணை வந்தது. அதன்பின்னும் காவலர் துணையோடுதான் அம்முதியவர் மேடையேற முடிந்தது.

2014 சனவரியில் உச்ச நயன்மன்றம் கோயில் ஆளுகையைத் தீட்சிதர்க்கே மீட்டளித்தது. 2022 மேத் திங்களில், மேடையேறிப் பாட மீண்டும் ஓர் அரசாணை வேண்டியதாயிற்று.

'வழிவழி வந்த மரபு' என்பர் தீட்சிதர். சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் தில்லையைத் தமிழாற் பாடியதும் மரபன்றோ? 'கடவுளை மறுப்பார்க்குக் கோயிலில் என்ன வேலை?' என்பர் தமிழருள்ளும் சிலர். ஆறுமுகசாமி சிவனை மறுத்தவரல்லர், நெஞ்சிற் சுமந்தவர். 'தீர்ப்பு வந்துவிட்டதே' என்பர் வேறு சிலர். அத்தீர்ப்பு ஆளுகை பற்றியது. ஆளுகை வேறு, மொழியுரிமை வேறு.

1965 சனவரி 27-இல், இந்தித் திணிப்பை எதிர்த்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவன் இராசேந்திரன் குண்டடிபட்டு மாய்ந்ததும் இம்மண்ணிலேயே. ஆணையால் வந்த உரிமை ஆணையாற் போகும். நாடோறும் மேடையேறி வாயாரப் பாடுக! பயிலும் உரிமையே நிலைக்கும்.