9.8 வரவழைப்பது எப்படி?

போன ஞாயித்துக்கிழமை சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். ப்ளஸ் ஒன் படிக்கிற சித்தி பையன் பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டும் கால்குலேட்டருமா உக்காந்திருந்தான்.

"அண்ணே, நூல் நீளம் ஒரு மீட்டர். ஜி 9.8 வரணும். இருபது அலைவுக்கு எத்தனை செகண்டுன்னு போடட்டும்?"

தனி ஊசல் சோதனை. குண்டை ஆட்டிவிட்டு நேரத்தை அளந்து, அதுலேருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கணும். பயபுள்ள விடையிலேருந்து கிளம்பி நேரத்துக்கு வந்துக்கிட்டிருக்கான்! 40.14ன்னு வந்துச்சு. அப்படியே எழுதினா மாட்டிக்குவோம்னு 40.1, 40.2, 40.1னு மூணு ரீடிங்கா பிரிச்சு எழுதினான் பாருங்க, அங்கதான் எனக்குப் பகீர்னுச்சு. ஏன்னா நானும் இதையேதான் செஞ்சேன். படிக்கிற உங்கள்ல பாதிப் பேரும் செஞ்சிருப்பீங்க, பொய் சொல்லாதீங்க.

நான் படிச்சப்போ நடந்தது இது. ஆர்வக்கோளாறுல குண்டை நல்லா பெருசா ஆட்டிவிட்டேன், முப்பது டிகிரி இருக்கும். இருபது அலைவுக்கு 40.9 செகண்டு. கணக்குப் போட்டா ஜி 9.44. சார் சிவப்பு மையால சுழிச்சு, "9.8 வர்ற மாதிரி எழுதிட்டு வா"ன்னுட்டார். பக்கத்துல இருந்தவன் நோட்டைப் பாத்து எழுதினேன். முழு மார்க்!

என் 9.44ல ஒரு நேர்மை இருந்துச்சுன்னு வேலைக்குச் சேந்து, சும்மா ஒரு ராத்திரி இதை நோண்டினப்போதான் தெரிஞ்சுது. நாம உருப்போட்ட அலைவு நேரச் சூத்திரம், ஊசல் தனிச்சீரிசை இயக்கத்துல ஆடுதுன்னு வச்சுக்கிட்டு எழுதினது. அதாவது, திருப்பி இழுக்கிற விசை கோணத்துக்கு நேர் விகிதத்துல இருக்கணும். நிஜத்துல அது கோணத்தோட சைனுக்குத்தான் நேர் விகிதம். முப்பது டிகிரின்னா ரேடியன்ல 0.524, சைன் மதிப்பு 0.5. இழுப்பு கொஞ்சம் குறைவு, அதனால ஊசல் கொஞ்சம் மெதுவா ஆடும். அலைவு நேரம் 1.7 சதவீதம் கூடும். ஜி கணக்குல நேரம் வர்க்கமா கீழே வர்றதால விடை மூணரை சதவீதம் குறையும். போட்டுப் பாருங்க, 9.44 கிட்டத்தான் வந்து நிக்கும். குண்டு ஒழுங்காத்தான் ஆடியிருக்கு. சூத்திரத்தைப் பொருந்தாத இடத்துல போட்டது நான்.

பெருசா ஆடினாலும் சின்னதா ஆடினாலும் ஒரே நேரம்தான்னு கலிலியோவே நம்பினார். அது சரியில்லைன்னு காட்டி, அதுக்கு வேற எந்த வளைவுல குண்டு போகணும்னு ஹைகன்ஸ் 1673ல புத்தகமே போட்டார். கலிலியோ சறுக்கின இடத்துல ஒரு பதினாறு வயசுப் பையன் தானா போய் நின்னிருக்கான். அவனுக்குக் கிடைச்சது சிவப்பு மை.

சரி, அந்த 9.8 மட்டும் என்ன வேதவாக்கா? சென்னையில 9.78, லண்டன்ல 9.81. லண்டன்ல சரியா ஓடுற ஊசல் கடிகாரத்தை இங்க கொண்டுவந்து மாட்டினா நாளுக்கு ரெண்டு நிமிஷம் பின்தங்கும். 1672ல பாரிஸ்லேருந்து கயேன் போன ரிஷர் இதைத்தான் கவனிச்சார். கடிகாரம் கெட்டுப்போச்சுன்னு பாரிஸ் நேரத்தையே எழுதி வச்சிருந்தா, பூமி துருவத்துல தட்டையா இருக்குன்னு வாதாட நியூட்டனுக்கு ஒரு நல்ல சாட்சி போயிருக்கும். அவ்வளவு ஏன், நம்ம நுங்கம்பாக்கத்துல, பழைய மெட்ராஸ் வானாய்வகத்துல, 1821லயே கோல்டிங்ஹாம் ஊசலை ஆட்டி அளந்திருக்கார். இந்தக் கதை என் ரெக்கார்டு நோட்டுல ஒரு வரி கிடையாது.

"நாப்பது பசங்க, ஒரு வாத்தியார், ரெண்டு பீரியடு, இதுல ஆராய்ச்சியா"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். வாத்தியாரை நான் வையல. விடைக்கு மார்க் போடுறவங்களைத்தான் வையுறேன். சின்னதா ஒரு தடவை, பெருசா ஒரு தடவை ஆட்ட மூணு நிமிஷம் ஆகுமா? ரீடிங்கை ஜோடிக்க அதைவிட நேரம் ஆகுது சாமி! பத்து மார்க்குல நாலை "உன் விடை ஏன் விலகுச்சு"ங்கிற கேள்விக்கு வச்சாப் போதும். இப்ப பழக்கிவிடுறது என்னன்னா, பார்த்ததை அழிச்சுட்டு எதிர்பார்க்கிறதை எழுதுறது. டெஸ்ட் ரிப்போர்ட்ல எல்லாமே பாஸ்னு எழுதி அனுப்புற ஆளுங்க கூட தினமும் குப்பை கொட்டுறேன், இந்தப் பாடத்தை அவங்க எங்க படிச்சாங்கன்னு எனக்கு நல்லாவே தெரியும். (நானும் ரெண்டு தடவை அனுப்பியிருக்கேன்.)

பையனைக் கிளப்பினேன். ஊஞ்சல் கொக்கியில நூலைக் கட்டி, முனையில சித்தியோட பீரோ பூட்டு. செல்போன்ல ஸ்டாப் வாட்ச். சின்னதா ஆட்டினா 40.3, ஜி 9.72. பெருசா ஆட்டினா 41.0, ஜி 9.39. அவனே ரெண்டு தடவை திரும்ப ஆட்டிப் பாத்தான். அப்புறம் ரெக்கார்டு நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பாத்தான்.

"அண்ணே, 9.72ன்னு எழுதினா சார் ஒத்துக்குவாரா?"

எழுதுடான்னு சொல்லிட்டு வந்திருக்கேன். திங்கக்கிழமை நோட்டு வைக்கணுமாம்.