இராமானுஜன் தவறவிட்ட எண்

தமிழ்ப் பாடசாலை விழாக்களில் கணிதமேதை சீனிவாச இராமானுஜனின் பெயர் ஒலிக்காத ஆண்டு அரிது. கும்பகோணத்து வறுமை, நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் உரைத்தமை, நோயுற்றிருந்தபோது பேராசிரியர் ஹார்டியிடம் 1729 என்னும் எண்ணைப் புகழ்ந்தமை ஆகிய மூன்றையும் மனனஞ்செய்து ஒப்புவித்தால் கைதட்டல் கிடைக்கும். அவர் செய்த கணிதத்தில் ஒரு வரியேனும் அப்பேச்சுகளில் இடம்பெறுவதில்லை. இதனை நாம் ஒரு குறையாகவே கருதுகின்றோம். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கணிதம் பயிலும் மொன்றியல் வாழ் தமிழ்ச் சிறார்க்கு, தமிழ் பாட்டுக்கும் பேச்சுக்கும் உரியது, கணக்கிற்கு உரியதன்று என்ற எண்ணம் இவ்வாறுதான் வேரூன்றுகின்றது.

அவரது கணிதம் எல்லாமே சிறுவர்க்கு எட்டாததன்று. 12 என்ற எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். அதனிற் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் இல்லை. தன்னிற் சிறிய எல்லா எண்களையும்விட மிகுதியான வகுத்திகளைக் கொண்ட இத்தகைய எண்களை உயர்பகு எண்கள் எனலாம். 24, 60, 360 ஆகியனவும் இவ்வினமே. ஒரு நாளுக்கு அறுபது நாழிகை, ஒரு வட்டத்துக்கு அறுபது தமிழ் ஆண்டுகள் என நம் முன்னோர் வகுத்ததை இங்கே பிள்ளைகளுக்கு நினைவூட்டலாம்.

இவ்வெண்களைப் பற்றிய நீண்ட கட்டுரையை இராமானுஜன் 1915இல் இலண்டன் கணிதக் கழக இதழில் வெளியிட்டார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது பெரிதும் அதன் பொருட்டே. போர்க்காலப் பணமுடையால் அச்சேறாது நின்ற அதன் எஞ்சிய பகுதியை நிக்கோலா, றொபின் என்னும் பிரெஞ்சுக் கணிதவியலாளர் இருவர் 1997இல் பதிப்பித்தனர்.

கட்டுரையிலுள்ள அட்டவணையின் இறுதி எண் 6746328388800. ஆறு இலட்சத்து எழுபத்து நான்காயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெண்ணாயிரத்து எண்ணூறு! இதை மூச்சுவிடாமற் படிப்பதே நல்ல தமிழ்ப் பயிற்சி. பதின்மூன்று இலக்கங்களைக் கொண்ட இவ்வெண், ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பின்னர் 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று ஆகியவற்றின் பெருக்கமே. இலங்கைப் பாடநூல்கள் இவற்றை முதன்மை எண்கள் என்னும்; தமிழ்நாட்டார் பகா எண்கள் என்பர். ஒவ்வொன்றும் வரும் தடவையோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால், 7×5×3×3×2×2×2×2×2, அதாவது 10080 வகுத்திகள். சிறிய பகா எண் ஒருபோதும் பெரியதைவிடக் குறைந்த தடவை வாராது என்ற ஒழுங்கையும் மாணவர் தாமே கண்டுகொள்ளலாம்.

அந்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டுள்ளது. 5040 வகுத்திகளைக் கொண்ட 293318625600 அதில் இடம்பெற்றிருக்க வேண்டும், இல்லை. இதைக் கூறினால் மேதையின் பெருமை குன்றும் எனச் சில பெற்றோர் அஞ்சக்கூடும். நாம் அவ்வாறு எண்ணவில்லை. தெய்வம் கனவில் சொல்லிற்று என்று மட்டும் கேட்கும் பிள்ளை, தனக்கு அத்தகைய கனவு வருவதில்லை என்று புத்தகத்தை மூடிவிடும். கணிப்பொறி இல்லாத காலத்தில் ஒருவர் இத்தனை பெரிய எண்களைக் கையாற் கணித்தார், ஓரிடத்தில் தவறினார் என்று அறியும் பிள்ளையோ, தன் கொப்பியிலுள்ள சிவப்புக் கோட்டைக் கண்டு கூசாது.

அடுத்த விழாவில் இராமானுஜனைப் பற்றிப் பேசவரும் மாணவருக்கு ஒரு கரும்பலகையும் ஐந்து நிமிடமும் கொடுக்குமாறு ஆசிரியர்களை வேண்டுகின்றோம். அதுவரை, பெற்றோர் பிள்ளைகளோடு உணவு மேசையிலமர்ந்து, விடுபட்ட அந்த எண்ணைக் கல்குலேட்டர் இன்றி 23ஆற் பெருக்கிப் பார்க்கட்டும். அட்டவணையின் இறுதி எண்ணே விடையாக வரும்.