கண்டெடுத்தவருக்கும் பங்கு உண்டு

மெட்டல் டிடெக்டர் இன்று ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கே வீடு தேடி வந்துவிடுகிறது. வாங்கிய இளைஞர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சார், இதை எங்கே கொண்டுபோய்ப் பார்க்கலாம்?"

அவர்கள் பார்க்கும் வீடியோக்கள் இங்கிலாந்துடையவை. அங்கே நிலத்துக்காரர் சம்மதித்தால் பெரும்பாலான வயல்களில் தேடலாம். கிடைத்ததைப் பதிவு செய்ய பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் ஒரு திட்டமே 1997 முதல் நடக்கிறது. நம்மிடம் அப்படி எதுவும் இல்லை. தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களில் கருவியோடு நுழைவதை மறந்துவிட வேண்டும். மாநில அரசே ஓரிடத்தை அகழ வேண்டுமானாலும் மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 1958-ஆம் ஆண்டுச் சட்டம். ஆற்று மணலை அரித்துத் தங்கம் தேடலாமே என்றால், உரிமம் இல்லாமல் கனிமம் தேடுவதே 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டப்படி குற்றம். பிச்சாவரத்தில் தேடலாமே என்றால், அது காப்புக்காடு; அங்கே வனத்துறையின் அனுமதி இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது.

மிஞ்சுவது சொந்தப் பட்டா நிலமும், அண்மையில் தொலைந்த பொருள்களும்தான். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்தில் கடலாடுகிறவர்கள் மோதிரத்தையும் கொலுசையும் மணலில் விட்டுவிட்டுப் போகிறார்கள். உள்ளூர் நிர்வாகத்திடம் சொல்லிவிட்டு அவற்றைத் தேடிக் கொடுக்கலாம். நல்ல காரியம்தான். ஆனால் எடுத்தவர் அதற்குப் பாதுகாவலர் மட்டுமே என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். உரியவரைத் தேடாமல் பையில் போட்டுக்கொண்டால் வழக்கு வரும்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று கேட்பவர்கள் இந்தக் கடலூர் மாவட்டத்து மண்ணைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர் மராட்டியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எட்டும் தூரம்வரை நிலம் அவர்களுக்கு என்று ஒப்பந்தம். அந்த எல்லைக்குள் சிக்கிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. குண்டு எங்கே விழுந்தது என்பதுதான் அன்று ஓர் ஊரின் தலைவிதி. 1781-இல் பரங்கிப்பேட்டை அருகே ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதினார்கள். அந்தப் போர்க்களத்தில் ஓர் ஈயக் குண்டை இன்று யாராவது எடுத்தால், அதன் மதிப்பு ஈயத்தில் இல்லை. எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில் இருக்கிறது. பிடுங்கி எடுத்த நொடியில் அது எடைக்குப் போடும் உலோகம். 2024-இல் பண்ருட்டி வட்டத்து மருங்கூரில் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. அடுத்த ஆண்டுப் பட்டியலில் இதே மாவட்டத்து மணிக்கொல்லையும் சேர்ந்தது. தென்பெண்ணையில் வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றங்கரையைப் பாருங்கள்: கருப்பு சிவப்புப் பானையோடும் உறைகிணற்று விளிம்பும் தாமாகவே வெளியே வரும். கருவியே தேவையில்லை.

திருமேனிகளின் கதை இன்னும் கனமானது. தில்லை நடராஜரே படையெடுப்புக்கு அஞ்சி 1648 முதல் 1686 வரை ஊரைவிட்டு வெளியே இருந்தவர். அப்படி வெளியே கொண்டுபோகாமல் மண்ணில் புதைத்துக் காப்பாற்றியவைதான் இன்று கடப்பாரையில் தட்டுகின்றன. சிதம்பரத்துக்குப் பக்கத்திலேயே, சீர்காழி சட்டைநாதர் கோயிலில் 2023 ஏப்ரலில் யாகசாலைக்குப் பள்ளம் தோண்டும்போது இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும், தேவாரம் எழுதிய நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் கிடைத்தன. கோயில் வளாகம் என்பதால் ஊரறிய வெளிவந்தன. பத்தூரில் அப்படி நடக்கவில்லை. 1976-இல் கூலிக்கு மண் வெட்டிய ஒருவருக்குத் தட்டுப்பட்ட நடராஜர் கைமாறிக் கைமாறி லண்டன் போனார். ஒரு கனடா நிறுவனம் வாங்கியது. கோயிலின் உரிமையை லண்டன் நீதிமன்றத்தில் நிலைநாட்டி, அவரை 1991-இல் மீட்டு வந்தோம்.

பத்தூர்க் கூலியாளை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தார்களா? 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தைப் போலீசும் சிறையுமாகவே நம் ஜனங்கள் கேள்விப்பட்டிருக்கிறார்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணுக்குள் கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவித்து, பொருளைக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. இதுவரை எல்லோருக்கும் தெரியும். மீதியை யாரும் சொல்வதில்லை. விசாரணையில் அது உரிமையாளர் இல்லாத புதையல் என்று முடிவானால், வேறு உடன்பாடு இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசு அதை எடுத்துக்கொள்ள நினைத்தால் உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துத் தர வேண்டும். மறைத்தவருக்கோ அந்தப் பங்கும் போய்விடும். கோயிலுக்கு உரியது கோயிலுக்குத்தான், அது வேறு. வயலில் கிடைத்த காசுக் குடத்துக்கு இதுதான் சட்டம்.

பத்து ரூபாய் வரம்பு 1878-க்குப் பொருந்தியிருக்கலாம். இன்று ஒரு செப்புக்காசுக்குக்கூடக் கலெக்டர் அலுவலகம் போக வேண்டும் என்றால், நூறு நாள் வேலையை விட்டுவிட்டு யார் போவார்? வாசலுக்கு வரும் காசு வியாபாரியிடம்தான் கொடுப்பார்கள். விஏஓவிடமே கொடுத்து, இடத்தையும் தேதியையும் எழுதிய ரசீது வாங்கும் வழி வேண்டும். கடலூரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. மாதம் ஒரு நாள் அங்கே யாரும் கேள்வி கேட்டு மிரட்டாமல் பொருளைப் பார்த்துப் பதிவு செய்து கொடுக்கலாம். பெண்ணையாறு, கெடிலம், கொள்ளிடக் கரை ஊராட்சி அலுவலகங்களில் இந்த முக்கால் பங்கு விவரத்தைப் பெரிய எழுத்தில் ஐப்பசி மழைக்கு முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள்.