தேடாத கிருமி

மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகுவதற்குப் பாமர மக்களின் அறியாமையே காரணம் என்பது கற்றோர் அவைகளில் அடிக்கடி ஒலிக்கும் கூற்றாகும். கடையில் தாமே குளிசை வாங்கி விழுங்குகிறார்கள், இடையில் நிறுத்திவிடுகிறார்கள் என்று குற்றப்பட்டியல் நீளும். இக்கூற்றில் உண்மை சிறிதுண்டு. அது மறைக்கும் உண்மையோ பெரிது.

திருகோணமலை நகருக்கு வடக்கே, முத்துமாரியம்மன் கோயிலாற் பெயர்பெற்ற சல்லி என்னும் கடற்கரைக் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். வலையிழுக்கும் ஒருவரின் கையை மீன்முள் கிழித்துவிடுகின்றது. கை வீங்குகின்றது. ஒருநாள் தொழிலுக்குப் போகாவிடின் அன்றைய உழைப்பு இல்லை. ஆகவே அவர் மருந்துக்கடையில் நாலு குளிசை வாங்குகிறார். மருத்துவரின் சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி விற்பதைச் சட்டம் தடுக்கின்றது. சட்டமறிந்து விற்பவரை விடுத்து, வலி தாளாது வாங்குபவரைக் கடிவது எவ்வகை நீதி? அவர் மருத்துவரிடமே சென்றாலும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் ஆய்வுகூடம் அருகில் இல்லாதவிடத்து மருத்துவர் தருவதும் ஊகத்தின்பாற்பட்ட மருந்தேயன்றோ? கடைக்காரரின் ஊகத்திலும் அது கற்றறிந்த ஊகம், ஆயினும் ஊகமே.

ஊகம் தவறும்போது நிகழ்வது யாது? மருந்து எளிய கிருமிகளைக் கொல்லும், தற்செயலான மாற்றத்தால் எதிர்ப்பாற்றல் பெற்றவை எஞ்சும், அவையே பல்கும். போதாத அளவில் மருந்துண்பதன் தீங்கினைப் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945 இல் நிகழ்த்திய நோபல் உரையிலேயே எச்சரித்தார். தேவையின்றி உண்பதனால் விளையும் தீங்கு அதனினும் பெரிது என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் கருத்து. 2019 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இவ்வெதிர்ப்பாற்றலின் நேர்விளைவாக மாண்டனர் என மதிப்பிடப்பட்டுள்ளது.

தேடாமையின் விளைவுக்கு எமது நாட்டிலேயே சான்றுண்டு. மெலியோய்டோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும் பற்றீரியா மண்ணிலும் நீரிலும் வாழ்வது, காயத்தின் வழியே உடலுட் புகுவது, நீரிழிவு நோயாளரைப் பெரிதும் தாக்குவது, காசநோய்போல் நடிப்பது. பெனிசிலினும் ஜென்ரமைசினும் அதனிடம் செல்லா. கொழும்பில் வாழ்ந்த ஓர் ஐரோப்பியரிடம் 1927 இல் இந்நோய் இனங்காணப்பட்டது. பின்னர் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாக விரல்விட்டு எண்ணத்தக்க சிலரிடமே அது பதிவாயிற்று. இந்நாட்டில் அஃது அரிய நோய் என்றே நம்பினோம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஏனோகா கொரயா முதலான நுண்ணுயிரியலாளர் 2006 இன் பின்னர் முனைந்து தேடியபொழுது, அது நாட்டின் பல பாகங்களிலும் வெளிப்பட்டது. அரிதாயிருந்தது நோயன்று, தேடலே.

அத்தேடலுக்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. இப்பற்றீரியா சாதாரண வளர்ப்பூடகத்திலேயே வளரும். மருந்து தோய்ந்த வில்லைகளை இட்டுப் பார்க்கையில், ஜென்ரமைசினுக்கும் கொலிஸ்ரினுக்கும் அடங்காது கோ-அமொக்சிகிளாவிற்கு அடங்கினால் ஐயுற இடமுண்டு. எதிர்ப்பாற்றலே இங்கு அடையாளமாகின்றது. வேண்டுவது பயின்ற கண். அக்கண்ணைத் தருவது யார் கடமை?

மாரியம்மனை வழிபடும் எம்மூர்களில், பெரியம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகி, பிறர் உட்புகாது தவிர்த்தனர். பரவலைத் தடுக்கும் ஒழுக்கத்தைப் பாமரர் எவரிடமும் கற்கவேண்டியிருக்கவில்லை. பெரியம்மை ஒழிந்ததென உலக சுகாதாரத் தாபனம் 1980 இல் அறிவித்தது. தடுப்பூசி மாத்திரம் அதனைச் சாதிக்கவில்லை. நோயாளரை ஊர் ஊராய்த் தேடிச்சென்ற ஊழியரும் சாதித்தனர்.

சல்லிக்கு அண்மையில், கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் உள்ளது. பட்டம் பெறுவதற்காக ஆய்வேடு எழுதி அலுமாரியில் அடுக்கும் நாம், மீனவரின் புண்ணிலும் தம்பலகாமத்து வயலின் சேற்றிலும் வாழும் கிருமி எதுவெனக் கேட்டோமா? கேளாதிருந்துவிட்டு மக்களை அறியாதார் என்பது எமது அறியாமையை அவர்தம் தலையில் ஏற்றுவதேயாகும். ஊருக்கு உபதேசிக்குமுன் ஆய்வுகூடத்தின் கதவை ஊர்ப்பக்கம் திறப்போமாக.